ஹட் பே கப்பலில் ஏறுமுன்



கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் அலைச்சறுக்கு ஆடுகிற உங்களில் பலர், வருகிற ஏப்ரலில் லிட்டில் அந்தமான் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 2025 ஏப்ரலில் அங்குள்ள பட்லர் பே கரையில் தேசிய அளவிலான போட்டி நடந்த பிறகு இந்த ஆசை கூடியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றபோது உங்களில் பாதிப்பேர் கரையில் நின்றிருப்பீர்கள். அதன் பிறகு நல்ல அலையைத் தேடிப் போகும் துடிப்பு வராமல் இருந்தால்தான் வியப்பு. போங்கள். போகுமுன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அலையில் எப்படி நிற்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போய்ச் சேர்வது, இருப்பது, திரும்பி வருவது, இவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் பேச்சை ஒரு தம்பி காட்டினான். எந்த போர்டு, என்ன நீளம், எத்தனை ஃபின் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. கப்பலைப் பற்றி ஒரே ஒரு வரி: “போர்ட் பிளேர் போய் பார்த்துக்கலாம்.” அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. வழக்கில் இரண்டு பெயரும் ஓடுகின்றன. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி, டங்கன் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது லிட்டில் அந்தமான். அதற்கும் தெற்கே பத்துப் பாகைக் கால்வாய், அதைத் தாண்டினால் நிக்கோபார். தீவின் ஒரே துறைமுகம் கிழக்குக் கரையில் உள்ள ஹட் பே. அரசுக் கப்பலில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களுக்குப் பேருந்தும் ஆம்புலன்ஸும் காய்கறி வண்டியும் அந்தக் கப்பல்தான். பெரிய சிகிச்சை எதுவானாலும் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். கல்லூரிச் சேர்க்கை, நிலப்பத்திரம், கல்யாணச் சாமான் எல்லாவற்றுக்கும் அதே கப்பல், அதே இருக்கைகள்.

ஆகவே அந்தக் கப்பலின் பயணச்சீட்டை விமான டிக்கெட்டைப் போல நினைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் அட்டவணையே புறப்பாட்டுக்குச் சில நாட்கள் முன்னால்தான் உறுதியாகும். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமானதும் கூட. கடல் கெட்டால் கப்பல் நிற்கும். நின்ற கப்பலில் போக வேண்டியவர்களெல்லாம் அடுத்த கப்பலுக்கு முண்டியடிப்பார்கள். போகிற உங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைக்காவிட்டால் நான்கு நான்காகப் பிரிந்து போங்கள். யாரோ ஒரு அதிகாரியைத் தெரியும் என்று அவசர ஒதுக்கீட்டில் கைவைக்காதீர்கள். பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு ஊர் திரும்பும் ஒரு பெண்ணின் இடத்தில் நமது போர்டுப் பை கிடந்தால், அதற்குப் பிறகு எந்த அலையில் ஏறி என்ன பயன்?

ஹெலிகாப்டர் சேவை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் ஆளுக்குச் சில கிலோ சுமைதான் அனுமதி, போர்டுக்கு வழியே கிடையாது. அதுவும் நோயாளிகளுக்காக எந்நேரமும் திருப்பி விடப்படலாம். அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இதிலிருந்துதான் நாள் கணக்கு பிறக்கிறது. பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது என்றால் அலைக்கு ஆறு நாள்தான் என்று மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது போர்ட் பிளேரில் இரண்டு நாள் காத்திருப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது, சென்னை விமானத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக ஹட் பேயை விட்டுக் கிளம்புங்கள். கடைசி நாள் காலையில் அலை அருமையாக இருக்கும், “இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டு நாளைக்குப் போலாமே” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அன்று கப்பல் ஏறச் சொல்லும் பொறுப்பை இப்போதே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னால் மறுபேச்சு இருக்கக் கூடாது. விடுப்பு நான்கைந்து நாள்தான் கிடைக்கும் என்கிறவர்கள் இந்த முறை வர வேண்டாம். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவசரத்தில் இருக்கும் ஒரே ஒருவர் போதும், குழு முழுவதையும் தவறான நாளில் கடலில் இறக்க.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பலில் போக வேண்டும் என்று சிலருக்கு ஆசை இருப்பது தெரியும். கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை இயல்பு. காலம் கையில் இருக்கிறவர்கள் போகும்போது கப்பலிலும் வரும்போது விமானத்திலும் வாருங்கள். மற்றவர்கள் விமானத்தையே எடுங்கள். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் போர்டு நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அது விமானத்தின் ரகத்துக்கு ஏற்பவும் மாறும். டிக்கெட் எடுக்குமுன்னரே பையின் நீளத்தையும் எடையையும் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லாங்போர்டை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது பருவம். இதில்தான் நமக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். லிட்டில் அந்தமானுக்கு அலை வருவது வங்கக்கடலில் இருந்து அல்ல. தெற்கே, அண்டார்டிகாவுக்கு மேலே, நாற்பது ஐம்பது பாகைத் தென் அட்சரேகைகளில் ஓயாமல் அடிக்கும் புயல்காற்றிலிருந்து. நம் கரைக்கு அந்தத் தென்மேற்கு அலை முழுதாக வந்து சேராமல் இலங்கை குறுக்கே நிற்கிறது. அந்தமானுக்கு அப்படி மறைப்பு எதுவும் இல்லை. மார்ச் மாதத்தில் தென் அரைக்கோளத்தின் புயல்கள் வலுக்கத் தொடங்கும். மே மூன்றாம் வார வாக்கில் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலில் இறங்கிவிடும். அதன்பின் அலை இருந்தாலும் காற்று அதை நார்நாராகக் கிழித்துவிடும். இடையில் கிடைக்கும் இரண்டு மாதம், மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, அதுதான் பருவம். அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே புயல் சின்னம் உருவாகும் ஆபத்தும் இருக்கிறது. 2023 மே மாதம் மோக்கா புயல் அந்தமானை ஒட்டிய கடலில்தான் உருவானது. நீங்கள் மே மாதத்தை விட்டு ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

அலை எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும், இதை உங்களில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 16 விநாடி இருந்தால், ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நகரும். ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐம்பது பாகைத் தெற்கிலிருந்து லிட்டில் அந்தமான் இருக்கும் பதினொன்றாம் பாகை வடக்கு வரை ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அதாவது புயல் வீசிய நாளிலிருந்து ஆறு நாள் கழித்து அலை வரும். ஆறு நாள் முன்னறிவிப்பு என்பது சென்னையில் இருப்பவருக்குப் போதாது. போர்ட் பிளேரில் காத்திருப்பவருக்குப் போதும். ஆகவே முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம் என்ற நினைப்பு வேண்டாம். பருவத்தை நம்பி நாளைக் குறியுங்கள், முன்னறிவிப்பை வைத்து எந்தக் கப்பலைப் பிடிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் நாள்தோறும் அலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. குமரி மாவட்டத்துக்கும் கேரளக் கரைக்கும் “கள்ளக்கடல்” எச்சரிக்கை விடுவதும் அவர்கள்தான். காற்றே இல்லாத நாளில் கடல் பொங்கிவரும் கள்ளக்கடலும், நீங்கள் தேடிப் போகிற அலையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் ஐந்து மருத்துவ மாணவர்களை வாரிக்கொண்டு போனது அப்படிப்பட்ட ஒரு நாள்தான். அலை பெரிதாக வரும் என்று முன்னறிவிப்பு சொன்னால் மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், அன்று யார் கடலில் இறங்குவது, யார் கரையில் நின்று பார்ப்பது என்று முந்தின இரவே பேசி வையுங்கள்.

காற்றைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை விட நான் அதிகம் சொல்லிவிட முடியாது. ஒன்று மட்டும். பட்லர் பே கிழக்கே பார்த்த கரை, ஹட் பேயிலிருந்து வடக்கே 14 கிலோமீட்டர். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் நாளில் அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், அலையின் முகம் சுத்தமாக நிற்கும். ஆனால் தென்மேற்கு அலை தீவைச் சுற்றி வளைந்துதான் அங்கே வர வேண்டும் என்பதால் அளவு குறைந்திருக்கும். மணல் அடி. புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல இடம். பெரிய அலைகள் பவளப்பாறை மேல் உடைபவை, படகில் போக வேண்டியவை. 1990களின் கடைசியில் தாய்லாந்திலிருந்து பாய்மரப் படகில் வந்த வெளிநாட்டு வீரர்கள் அவற்றை உலகுக்குக் காட்டினார்கள். முதல் மூன்று நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பட்லர் பேயில் ஆடுங்கள், உள்ளூர்ப் பையன்களோடு பழகுங்கள். எந்த டுங்கிப் படகுக்காரர் எந்தப் பாறையை அறிந்தவர் என்பது அவர்களிடமிருந்துதான் தெரியவரும். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரை ஒட்டி. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டரை நெருங்கும். ஏற்றத்தில் இறங்கும்போது தலைக்கு மேல் தண்ணீர் இருந்த பாறை, வற்றத்தில் முழங்கால் ஆழத்தில் பல்லைக் காட்டும். ஓதப் பட்டியலைக் கையோடு வைத்திருங்கள்.

இன்னொன்று: நாட்டுக்கு ஒரே கடிகாரம் என்பதால் அங்கே ஏப்ரலில் ஐந்து மணி சுமாருக்கே விடிந்து, மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கிவிடும். நாலரைக்கு எழுந்தால்தான் காற்று எழும்பாத கடல் கிடைக்கும்.

முதலை விஷயத்தை யாரும் உங்களிடம் அழுத்திச் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தத் தீவின் கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. 2010இல் ஹேவ்லாக் தீவில் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணி முதலையிடம் உயிரிழந்தார். கழிமுகம் கடலில் சேரும் இடத்தில் இறங்காதீர்கள், மழை பெய்து கலங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், வெளிச்சம் வருமுன்னும் இருட்டிய பின்னும் தண்ணீரில் இருக்காதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் “இன்று வேண்டாம்” என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், கரையேறுங்கள்.

மருந்துப் பெட்டியில் அலட்சியம் கூடாது. பவளம் கிழித்த காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே துகள் தங்கிவிடும், வெப்பத்தில் ஒரே நாளில் சீழ் பிடிக்கும். உடனே நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துகளை எடுத்து, கிருமிநாசினி போட்டு, ஆறும்வரை கடலில் இறங்காமல் இருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியை இங்கேயே போட்டுக்கொண்டு வாருங்கள். மலேரியாவுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹட் பேயில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் தலையிலோ முதுகெலும்பிலோ அடி பட்டால் கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே, நம்மூரில் துணிந்து எடுக்கும் அலையில் பாதி அளவைத்தான் அங்கே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டுப் பேரில் இருவராவது இதயமும் மூச்சும் நின்றால் செய்ய வேண்டிய முதலுதவியை முறையாகக் கற்றிருக்க வேண்டும்.

போர்டைப் பழுதுபார்க்கும் ரெசினையும் ஹார்டனரையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது, அவை தீப்பற்றும் பொருட்கள். சின்ன விரிசலுக்கு எம்-சீலும் நல்ல ஒட்டுநாடாவும் போதும். பெரிய உடைசல் என்றால் ஃபைபர் படகு பழுதுபார்க்கிறவரைத் தேடிப் போங்கள். உங்களில் பாதிப்பேர் வீட்டிலேயே அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். புறப்படுமுன் ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். லீஷ் ஆளுக்கு இரண்டு, ஃபின் ஒரு செட் கூடுதல், ஃபின் சாவிகள் மூன்று. அங்கே கடையில் கிடைக்காது.

பணத்தை நோட்டாகக் கொண்டுபோங்கள், ஏ.டி.எம். இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். கைபேசிக்கு முன்னைவிட நிலைமை பரவாயில்லை. 2020 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை–அந்தமான் கடலடி கேபிள், 2,300 கிலோமீட்டர் நீளம், லிட்டில் அந்தமானையும் தொடுகிறது. ஆனாலும் காட்டை ஒட்டிய கரைகளில் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். படகில் போகும் நாளில், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று தங்கும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமானது. லிட்டில் அந்தமான் ஓங்கே மக்களின் தீவு. 1901 கணக்கெடுப்பில் 672 பேராக இருந்தவர்கள், 2011இல் நூற்றொருவர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளும் நிக்கோபார் மக்களும் தொழிலாளர்களும் குடியேறிய பகுதி கிழக்குக் கரையை ஒட்டிய ஒரு பட்டை. தீவின் பெரும்பகுதி ஓங்கேகளுக்கென ஒதுக்கப்பட்ட காடு. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அனுமதியின்றி அங்கே நுழைவது குற்றம். டுகாங் கிரீக் பக்கம் அலை நன்றாக இருக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு மணி நேரம் இறங்கினால் என்ன என்று எந்தப் படகோட்டி சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ட்ரோன் பறக்கவிடாதீர்கள். யாரையாவது கரையில் பார்த்தால் கைபேசியை எடுக்காதீர்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள்.

2004 சுனாமியின்போது கடல் பின்வாங்கியதைக் கண்டு மேட்டுக்கு ஏறி உயிர் தப்பியவர்கள் ஓங்கேகள். அதே மக்களில் எட்டுப் பேர், 2008 டிசம்பரில், கரையொதுங்கிய ஒரு பிளாஸ்டிக் கொள்கலனில் இருந்ததைக் குடித்து இறந்துபோனார்கள். நூறு பேரில் எட்டுப் பேர். நாம் அங்கே கொண்டுபோகும் ஒவ்வொரு பாட்டிலும் கேனும் நம்மோடு கப்பலேறித் திரும்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். மதுவைக் கொண்டுபோகவே வேண்டாம்.

தீவின் தெற்கு, மேற்குக் கரைகளில் உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிடுகிறது. அங்கே குறியீட்டுக் கருவி பொருத்தி விடப்பட்ட ஆமைகள் ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் ஆஸ்திரேலியா வரைக்கும் நீந்திப் போனதைச் செயற்கைக்கோள் காட்டியது. மணலில் தீ மூட்டுவதும் விளக்கடித்துத் திரிவதும் எந்தக் கரையிலும் வேண்டாம்.

தங்குவதற்கு ஊர்க்காரர் வீட்டை ஒட்டிய அறைகளைத் தேடுங்கள். சமையலை அவர்கள் கையில் விடுங்கள், படகையும் ஸ்கூட்டரையும் அவர்களிடமே வாடகைக்கு எடுங்கள், பேரம் பேசி மட்டம் தட்டாதீர்கள். உங்களிடம் இருக்கும் பழைய லீஷ், மெழுகு, ஃபின் எல்லாவற்றையும் அங்கே அலையாடும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வாருங்கள். கோவளத்தில் மீனவப் பிள்ளைகள் முதன்முதலில் போர்டில் ஏறியதும் யாரோ கொடுத்துவிட்டுப் போனவற்றில்தான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொங்கலுக்குள் எட்டுப் பேரின் பெயர், இரத்த வகை, வீட்டில் தகவல் சொல்ல வேண்டியவரின் எண், மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள். பிப்ரவரியில் விமான டிக்கெட். போர்ட் பிளேரில் இறங்கியதும் கடலைப் பார்க்கப் போகாமல் முதலில் ஃபீனிக்ஸ் பே கப்பல் நிலையத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். யார் கப்பல் ஏறச் சொல்லும் பொறுப்பாளி என்று முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள், அவரோடு தனியாகப் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கரைக்காரன்